பாண்டியன் ஏன் வரவில்லை

ஜூலை 7, திங்கள்

அலுவலகத்தில் மனநல வாரம். ஆளுக்கு ஒரு டைரி கொடுத்தார்கள். ஜனவரியில் மிஞ்சியதை ஜூலையில் தள்ளிவிடுவதற்குப் பெயர் ஊழியர் நலன். மனதில் இருப்பதைத் தினமும் எழுதினால் பாரம் குறையுமாம். என் பாரம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் திருநாவுக்கரசு, எங்கள் முதலாளி. எல்லோருக்கும் அரசு சார்.

நாங்கள் செய்வது கணினி விளையாட்டு. பெயர் 'நான்கு கொடி'. சோழன், பாண்டியன், சேரன், பல்லவன் என்று நான்கு அரசுகள். ஆடுகிறவர் ஒன்றை எடுத்துக்கொள்வார், மற்ற மூன்றையும் கணினி ஆடும். சண்டை போடலாம், சமாதானம் ஆகலாம், சம்பந்தம் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வருட உழைப்பு. இதை வெளியிடப் போகிற பெங்களூர் நிறுவனம் ஆடிப் பார்த்துவிட்டு இன்று அறிக்கை அனுப்பியிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், கொடியின் நிறத்தைத் தவிர நான்கு அரசுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அரசு சார் என்னைக் கூப்பிட்டார். "இசக்கி, ஒவ்வொரு ராஜாவுக்கும் தனியா ஒரு குணம் வேணும். ஆகஸ்ட் கடைசிக்குள்ள குடுத்துருங்க."

இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அப்போதெல்லாம் "ஜனங்களுக்கு யானையக் காட்டினா போதும்" என்பார். இன்று அது அவருடைய சொந்த யோசனை ஆகிவிட்டது. சந்தோஷம்.

ஜூலை 9, புதன்

குணங்கள் கொடுத்தாயிற்று. சோழனுக்குக் கப்பல் வேகம் பத்து சதவீதம் கூடுதல். பாண்டியனுக்கு முத்து வருமானம் பத்து சதவீதம். சேரனுக்கு மிளகு பத்து. பல்லவனுக்குக் கல் வேலை பத்து. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன்.

பர்வீனிடம் காட்டினேன். ஆம்பூர்க்காரி. கணினி ஆடுகிற ராஜாக்களின் மூளையை நிரலாக எழுதுபவள் அவள்தான்.

"மேடம், இதுக்குப் பேரு குணம் இல்ல. ஆடித் தள்ளுபடி."

அரசு சார் தஞ்சாவூர்க்காரர். சோழ நாட்டு மக்கள் எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்தார். "ஊர்ப்பாசம்னு நெனச்சுக்காதீங்க. வரலாறு."

ஜூலை 10, வியாழன்

எங்கள் மகள் ஆதிரைக்குக் காது குத்த நாள் குறித்தாயிற்று. ஆகஸ்ட் 31, ஞாயிறு. கோவில்பட்டிப் பக்கம் என் கணவர் கண்ணன் வீட்டுக் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒரு அண்ணன், சுடலைமுத்து. அம்பாசமுத்திரத்தில் விதைக்கடை வைத்திருக்கிறான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு ஊர் என்று இருப்பது அவன் வீடுதான்.

அலுவலகத்தில் யானை வரைகிற பையனைப் பிடித்து ஒரு அழைப்பிதழ் படம் செய்யச் சொன்னேன். மயில், குத்துவிளக்கு, ஆதிரையின் பல் போன சிரிப்பு. சொந்தக்காரர்கள் குழு எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அண்ணனுக்குத் தனியாகவும் அனுப்பினேன், தாய்மாமன் இல்லையா. அம்மா இருந்திருந்தால் இதற்காக ஒரு மாதம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியிருப்பாள். நான் டீ குடித்து முடிப்பதற்குள் முடித்துவிட்டேன்.

எல்லோரும் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார்கள். அண்ணன் பார்த்துவிட்டான். பதில் இல்லை. கடையில் கூட்டமாக இருக்கும்.

ஜூலை 14, திங்கள்

கப்பலுக்குப் பத்து சதவீதம் கூட்டியதில் சோழன் வேகமாகப் போய் வேகமாகத் தோற்கிறான். மக்கள் மட்டும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

அண்ணன் கடையில் இன்னும் கூட்டம்.

ஜூலை 16, புதன்

கண்ணன் பாத்ரூம் குழாயைக் கழற்றிப் போட்டு இது மூன்றாவது நாள். ஆரம்பித்ததை முடிக்காமல் வேறு வேலை தொடமாட்டார். முடிக்கவும் மாட்டார். குழாய்க்கு அடியில் படுத்தபடியே கேட்டார்.

"மச்சான் வீட்டுக்கு நேர்ல போய்ச் சொல்ல வேண்டாமா? நாளைக்கு ஆடி பொறந்துரும். பெறகு ஒரு மாசம் தட்டு எடுத்துட்டுப் போக முடியாது பாத்துக்கோ."

"எனக்கு நாலு நாட்டு ராஜா கெடக்காங்க. நான் எங்க போறது? அண்ணன் என்ன அன்னியமா?"

"அன்னியம்னா வாட்ஸ்அப் போதும். அண்ணன்ல்லா" என்றார்.

ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

அண்ணன் வீட்டிலிருந்து மதினி போன் செய்தாள். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். அவர்கள் ஊர் அம்பையிலும் சாரலாம். மாடியில் போட்ட வத்தல் நனைந்துவிட்டதாம். போனை வைக்கப் போகும்போது சொன்னாள்.

"உங்க அண்ணன் போனெல்லாம் சரியாப் பாக்க மாட்டாவ, பாத்துக்கோ இசக்கி."

பாவம், கண்ணில் ஏதோ கோளாறு போல. பெரிய திரை உள்ள போனாக வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். மதினி "சரிட்டி" என்று போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

நானே அண்ணனைக் கூப்பிட்டேன். யார் விட்டுக்கொடுத்தால் என்ன.

"அண்ணே, படம் அனுப்பியிருந்தேன், பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன். மயிலு நல்லா இருந்துது."

"முப்பத்தொண்ணாம் தேதி. வந்துருவேல்லா?"

"அப்படியா. சந்தோஷம்."

"மதினியையும் கூட்டிட்டு வா."

"சந்தோஷம்ட்டி. நல்லபடியா நடத்துங்க. கடையில ஆளு நிக்கி, வைக்கட்டா?"

எவ்வளவு நன்றாகப் பேசினான். இரண்டு தடவை சந்தோஷம் என்றான். கண்ணனிடம் சொன்னேன். "நடத்துங்கன்னா சொன்னாரு? நடத்துவோம்னு சொல்லலியா?" என்று கேட்டார். குழாயையும் சரி செய்யத் தெரியவில்லை, இலக்கணம் மட்டும் பேசுகிறார்.

ஜூலை 25, வெள்ளி

இன்று ஒரு உருப்படியான வேலை நடந்தது.

விளையாட்டில் கூட்டணி அரசனிடம் படை கேட்க ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் போதும், படை புறப்பட்டு வந்துவிடும். பர்வீன் அதை வெறுப்போடு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊர்ல மேடம் ஒரு பொத்தான் அழுத்தினதும் சொந்தக்காரன் வர்றான்? எங்கக்கா கல்யாணத்துக்கு ஒரே ஒரு சித்தப்பாவ கூப்பிட மூணு தடவ நடந்தோம். கடசியில பிரியாணி ஆறினப்புறம் வந்தாரு."

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. ஒருவனிடம் எது கூடுதலாக இருக்கிறது என்பது குணம் இல்லை. தலையே போனாலும் எதைச் செய்யமாட்டான் என்பதுதான் குணம். உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன்.

சோழன்: சும்மா இருக்கமாட்டான். கொஞ்ச காலம் போர் இல்லாவிட்டால் சொந்த அதிகாரிகளைக் கூட்டி வைத்துப் பாடாய்ப் படுத்துவான்.

பல்லவன்: எடுத்த கல் வேலையைப் பாதியில் விடமாட்டான். எதிரி வாசலுக்கே வந்தாலும் சிற்பியைப் போருக்கு அனுப்பமாட்டான்.

சேரன்: கையில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே சொல்லமாட்டான்.

பாண்டியன்: முறையாக அழைக்காமல் வரமாட்டான். ஓலை அனுப்பினால் போதாது. சொந்தத்தில் ஒருவர் தட்டோடு நேரில் போக வேண்டும். போகாவிட்டால் கோபப்படமாட்டான், கத்தமாட்டான். "அப்படியா, சந்தோஷம்" என்பான். வரமாட்டான்.

பர்வீன் படித்தாள். சோழனைப் படித்துவிட்டு அரசு சார் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பல்லவனைப் படித்துவிட்டு, "குழாய் இன்னும் சரியாகலயா மேடம்?" என்றாள். பாண்டியனை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"இது யாரு மேடம்?"

"பொதுவா எழுதினேன்" என்றேன். பொதுவாகத்தான் எழுதினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடிப் பார்ப்பவர்கள் எழுதிய குறை: 'பாண்டியனிடம் உதவி கேட்டோம், முத்து அனுப்பினோம், யானை அனுப்பினோம். எல்லாவற்றுக்கும் சந்தோஷம் என்கிறான். படை வரவில்லை. பிழையைத் திருத்தவும்.'

அரசு சார் கொதித்துப் போய் வந்தார். "ஒரு ராஜா, வெத்தல பாக்குத் தட்டு வரலேன்னு தங்கச்சியக் கட்டிக் குடுத்த நாட்ட எரிய விடுவானா? கேக்கவே நல்லால்ல."

"விடுவான் சார்."

"எப்படித் தெரியும்?"

"வரலாறு சார்."

சோழனை அவரும் படித்தார். "இது ரொம்ப நல்லாருக்கு. சுறுசுறுப்பான ஆளு" என்று பாராட்டினார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பர்வீன் ஒரு தப்புச் செய்துவிட்டாள். பாண்டியனின் குணத்தைக் கைதவறி சேரனுக்கும் ஒட்டிவிட்டாள். இந்த ஆட்டத்தில் சேர அரசி பாண்டியனின் தங்கை. ஆட்டத்தை ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம். நான்கையும் கணினியே ஆடட்டும் என்று.

திரும்பி வந்தால் முந்நூறு வருடம் ஓடியிருக்கிறது. சேரனும் பாண்டியனும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவன் முதலில் அழைக்கட்டும் என்று இவன், இவன் முதலில் வரட்டும் என்று அவன். தலைமுறை தலைமுறையாக அரசர்கள் மாறியிருக்கிறார்கள், மரியாதை மட்டும் மாறவில்லை. நடுவில் பல்லவன் ஒரு மலையையே குடைந்து முடித்துவிட்டான்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு பாண்டியனின் எல்லையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழுப் படையும் அங்கே நின்றது. யானைகளுக்கு அம்பாரி கட்டியிருந்தது.

"இவன் ஏன் படைய இங்க நிறுத்தியிருக்கான்? வரமாட்டான்னுதானே எழுதிக் குடுத்தேன்?"

"வரமாட்டான் மேடம். ஆனா முதல் ஓலை வந்த அன்னிக்கே கெளம்பி ரெடியாயிருவான். அப்படித்தான் எழுதினேன். வர ஆசை இல்லாதவனுக்கு எதுக்கு ரோஷம்? கூப்பிட ஆள் வரும்னு பாத்துட்டு நிப்பான்."

நான் எல்லையைப் பழையபடி சிறிதாக்கினேன்.

"மேடம், நீங்களும் பாண்டிய நாடுதானே?" என்றாள்.

ரொம்பப் பேசுகிறாள். சேரன் மேலிருந்து அந்தக் குணத்தை உடனே எடுத்துவிடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கண்ணனின் அம்மா கேட்டார்களாம். தாய்மாமன் வருவது நிச்சயமில்லை என்றால் என் ஒன்றுவிட்ட அண்ணன் சங்கரன் மடியில் வைத்துக் குத்திவிடலாமா என்று.

யார் மடியாக இருந்தால் என்ன? குத்துகிற ஊசி ஒன்றுதான். இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன்.

இன்று சாப்பிடவில்லை. வெயில்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தலைவலி. விடுப்பு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. மதினி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"நான் சொன்னேன்னு சொல்லிராத. நீ அந்தப் படம் அனுப்பின அன்னைக்கே திருநவேலி போயி புள்ளைக்குக் கம்மல் எடுத்துட்டு வந்துட்டாவ. பட்டுப்பாவாட துணியும் எடுத்தாச்சு. பீரோவுல இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒருக்க தொறந்து பாத்துட்டு மூடிக்கிடுதாவ. நான் கேட்டா, கூப்புடாத வீட்டுக்கு எப்படிப் போறதுங்காவ. எனக்கு ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து சீவன் போவுது."

அம்பாரி கட்டிய யானைகள்தான் நினைவுக்கு வந்தன. போனை வைத்துவிட்டுக் குழாயடியில் போய் உட்கார்ந்து அழுதேன். குழாய் இன்னும் சரியாகவில்லை என்று கண்ணனிடம் சொல்லிக்கொண்டேன். அவரும் அதற்குத்தான் அழுகிறேன் என்று நம்பினார், அல்லது நம்பியது போல் ஸ்பேனரை எடுத்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை பெங்களூர் ஆட்கள் வருகிறார்கள். புதிய குணங்களோடு ஆடிப் பார்த்து, பிடித்தால் வெளியிடுவார்கள். இல்லாவிட்டால் வேறு வேலை தேட வேண்டியதுதான். அன்றைக்கு எனக்கு விடுப்பு வேண்டும் என்று அரசு சாரிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"குற்றாலம் சார். சீசன் முடியப் போவுது."

"வேலை முக்கியமா, குத்தாலம் முக்கியமா?"

"குற்றாலம் சார்."

வாய் திறந்தபடி நின்றார். இல்லை என்ற சொல்லைக் கேட்டு அவருக்குப் பழக்கம் இல்லை. அன்று பிற்பகலே மூன்று கூட்டம் போட்டார். பர்வீன் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். குற்றாலத்துக்குத் தட்டு எடுத்துப் போக மறந்துவிட வேண்டாம் என்றும் சொன்னாள்.

ஆகஸ்ட் 20, புதன்

அச்சகத்தில் ஒரே ஒரு பத்திரிகை அடித்துத் தரமாட்டார்களாம். குறைந்தது ஐம்பது. ஐம்பது அடித்தேன். மஞ்சள் தடவியாயிற்று. குற்றாலம் போகிறவர்கள் இதெல்லாம் கொண்டுபோவது வழக்கம்தான்.

ஆகஸ்ட் 23, சனி

காலை நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் வந்து இறங்கி, பஸ் பிடித்து அம்பை. நான், கண்ணன், ஆதிரை. குற்றாலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட யாரும் கேட்கவில்லை.

அண்ணன் பனியனோடு வாசலில் நின்று பல் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான். என் கையில் இருந்த தட்டைப் பார்த்தான். "வா" என்று ஒரு சொல். அப்படியே உள்ளே போய்விட்டான்.

நாங்கள் முற்றத்தில் நின்றோம். தட்டில் பாக்கு உருண்டது. போய்விட்டான், இனி வரமாட்டான், சங்கரன் மடிதான் என்று நினைத்தேன். கண்ணன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் வந்தான். முகம் கழுவி, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, மதினியையும் கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் கிழக்கே பார்த்து நின்றார்கள்.

"அண்ணே, மதினி, ஆதிரைக்குக் காது குத்து. நீ வந்து மடியில வச்சுக்கிடணும்" என்றேன். தட்டை நீட்டினேன்.

இரண்டு கையாலும் தட்டை வாங்கினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையைப் பிள்ளையார் சுழியிலிருந்து அச்சகத்தின் பெயர் வரை வாசித்தான். தாய்மாமன் என்று அவன் பெயர் போட்டிருந்த இடத்தை மதினியிடம் காட்டி, "பேரு சரியாப் போட்டிருக்காளா பாரு" என்றான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"எதுக்குட்டி இவ்வளவு தூரம் அலைஞ்சுக்கிட்டு? நமக்குள்ள இதெல்லாம் என்ன? ஒரு போனு போட்டா வந்துர மாட்டேனா?"

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். கண்ணன் மேலே பார்த்துத் தாழ்வார ஓடுகளை எண்ணினார். நான் தட்டை அவன் தலையிலேயே போட்டிருப்பேன். தட்டு அவன் கையில் இருந்தது.

மதியம் அவியல், சொதி, இரண்டு வகை அப்பளம். எனக்கு இரண்டு தடவை சோறு வைத்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பெங்களூர்க்காரர்களுக்குப் பாண்டியனைத்தான் ரொம்பப் பிடித்ததாம். அவர்களில் ஒருவர் மாண்டியாக்காரர். ஆட்டத்தில் தோற்றுவிட்டு, "இவர் எங்கள் பெரியப்பா" என்றாராம். கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அரசு சார் எல்லோரையும் கூட்டி, பாண்டியனைப் பற்றித் தனக்கு முதல் நாளிலிருந்தே நம்பிக்கை இருந்தது என்று பேசினார். கை தட்டினோம்.

பாண்டியனுக்கு ஒரு வசனம் சேர்க்கச் சொல்லி பர்வீனிடம் கொடுத்தேன். தூதர் தட்டோடு போய் நின்றதும் அவன் சொல்ல வேண்டியது: 'எதற்கு இவ்வளவு தூரம்? ஒரு ஓலை அனுப்பினால் வந்திருக்க மாட்டேனா?'

பர்வீன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "இதுவும் பொதுவா எழுதினதா மேடம்?"

"இல்ல. எங்க அண்ணன்" என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கண்ணனின் அம்மா வீட்டிலிருந்து அதிகாலையில் வேனில் கிளம்பினோம். வழியில் பர்வீனிடமிருந்து செய்தி: 'மேடம், ஒரு பிழை. பாண்டியனை அழைத்த பிறகு, தூதர் ஊர் திரும்புவதற்குள் அவன் படை போர்க்களத்துக்கு வந்துவிடுகிறது. கணக்கு உதைக்கிறது. திருத்தட்டுமா?'

பிறகு பார்க்கலாம் என்று போனைப் பையில் போட்டுவிட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயில் நடை இன்னும் திறக்கவில்லை. பூசாரி வரவில்லை. ஆசாரி வரவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால், புது வேட்டி சட்டையோடு, சம்மணம் போட்டு, மடியில் துண்டை விரித்துப் போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மதினி, சீர்த் தட்டுகளுக்கு நடுவில் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள்.

"என்னட்டி, இப்பதான் வாறியளா?" என்றான்.

காது குத்தும்போது ஆதிரை அலறினாள். அவளைவிட அண்ணன்தான் அதிகமாகக் கண்ணை இறுக்கிக்கொண்டான். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. எனக்கும் வழிந்தது. புகை என்று எழுதலாம் என்று பார்த்தேன், அங்கே ஒரு சூடம்கூட ஏற்றியிருக்கவில்லை.

இரண்டு காதிலும் கம்மல் ஏறிய பிறகு பர்வீனுக்குப் பதில் அனுப்பினேன்: 'திருத்த வேண்டாம். அவன் அப்படித்தான் வருவான்.'